அறிதுயில் கண்ட அருட்தந்தை ஃபாரியா



மாமல்லபுரத்துக்கு வரும் விருந்தினர்களைக் கடற்கரைக் கோயிலுக்கும் அர்ச்சுனன் தவத்துக்கும் எல்லோரும் அழைத்துப் போவார்கள். நான் அவர்களைக் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய பாறைக்கும் அழைத்துப் போவது வழக்கம். அங்கே மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் குடைந்தது. ஒரு சுவரில் எருமைத் தலை அசுரனோடு போர் நடக்கிறது. எதிர்ச்சுவரில் திருமால் பாம்பணையில் படுத்திருக்கிறார். இந்த உறக்கத்துக்கு நம் முன்னோர் அறிதுயில் என்று பெயர் வைத்தார்கள். பார்வைக்கு உறக்கம், உள்ளே அறிவு விழித்திருக்கிறது. ஹிப்னாட்டிசம் என்னும் சொல்லுக்குத் தமிழில் ஒரு பெயர் தேடியவர்கள் இந்த அறிதுயிலைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு வியப்பு உண்டு. ஹிப்னாட்டிசம் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே, இதே நிலைக்கு ஏறக்குறைய இதே பொருளில் பிரெஞ்சு மொழியில் பெயர் சூட்டிய ஒருவர் இருந்தார். தெளிந்த உறக்கம் என்று அதை அழைத்தார். அவர் நம் நாட்டவர், கோவாக்காரர். அதோடு அவர் ஒரு கத்தோலிக்கக் குரு.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அந்த ஆசையைக் கிளறிவிட்டது ஒரு தாயின் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா தன் மகனைப் பங்கு இல்லத்துக்கு அழைத்து வந்தார்கள். வயது பதினேழு இருக்கும். படகு கவிழ்ந்து உடன் சென்றவர் ஒருவர் இறந்துபோனார். இவன் நீந்திக் கரை சேர்ந்தான். அன்றிலிருந்து இரவில் தூக்கமில்லை, கையில் நடுக்கம், கடல் பக்கம் திரும்புவதே இல்லை. செங்கல்பட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் மாத்திரையோடு ஹிப்னாட்டிசம் முறையிலும் சில அமர்வுகள் தரலாம் என்றாராம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. அது சாத்தானின் வேலையா, மனக்கதவைத் திறந்து வைத்தால் வேறு ஏதாவது உள்ளே புகுந்துவிடாதா, பாவமாகிவிடாதா என்று கேட்டார்கள். அதெல்லாம் வேண்டாம், சாமி கைவைத்து மந்திரித்தால் போதும் என்றும் சொன்னார்கள்.

கைவைத்துச் செபித்தேன். பையன் அழுதான். ஆனால் அம்மாவின் கேள்விக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலில் என் சொந்தக் கதையும் கொஞ்சம் கலந்திருந்தது என்பதே காரணம். சிறு குருமடத்தில் படித்த காலத்தில், விடுமுறையில் செங்கல்பட்டில் ஒரு மனோவசிய நிகழ்ச்சி பார்த்தேன். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் கூட்டத்திலிருந்து ஒரு பையனை மேடைக்கு அழைத்து, ஏதோ சொல்லி, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பலகை போலக் கிடத்தினார். எனக்கு அன்று பையன் மேல் இரக்கம் வரவில்லை. கறுப்புக் கோட்டின் மேல்தான் பொறாமை வந்தது. ஒரு சொல்லால் மற்றவரை ஆட்டிவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்தேன். பிறகு பெரிய குருமடத்து நூலகத்தில், வேறெதையோ தேடும்போது, ஃபாரியா என்ற பெயர் கண்ணில் பட்டது. அன்று பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை.

ஜோசே குஸ்தோதியோ தெ ஃபாரியா 1756ஆம் ஆண்டு மே மாதம் கோவாவின் கண்டோலிம் ஊரில் பிறந்தார். தந்தை கயத்தானோ விதோரினோ. தாய் ரோசா மரியா. தந்தை ஒரு காலத்தில் குருமாணவராக இருந்து, பாதியில் விட்டுத் திருமணம் செய்தவர். தாய் வசதியான வீட்டுப் பெண். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. நம் பங்குகளில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால் ஊர் என்னவெல்லாம் பேசும் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் கிடைத்த வழி வழக்கமானது அல்ல. திருச்சபையின் அனுமதியோடு இருவரும் பிரிந்தார்கள். தந்தை மீண்டும் படித்துக் குருவானார். தாய் பழைய கோவாவில் இருந்த புனித மோனிக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின்னாளில் அதன் தலைவியாகவும் ஆனார். நடுவில் நின்ற சிறுவன் தந்தையோடு போனான். தாயைப் பிரிந்த அந்தக் குழந்தையின் மனம் என்ன பாடுபட்டது என்று வரலாறு எழுதிய யாரும் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை.

தந்தைக்குப் பெரிய ஆசைகள் இருந்தன. 1771இல் மகனை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். மாதக்கணக்கில் கடலில் கழித்து நவம்பரில் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார்கள். மகனுக்கு வயது பதினைந்து. போர்த்துக்கல் அரசர் முதலாம் ஜோசேயின் ஆதரவு கிடைத்தது. இருவரும் உரோமைக்குச் சென்றார்கள். தந்தை அங்கே இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார். மகன் 1780 மார்ச் 12 அன்று குருவாக அருட்பொழிவு பெற்று, அவரும் முனைவரானார். தம் ஆய்வைப் போர்த்துக்கல் அரசி முதலாம் மரியாவுக்குக் காணிக்கையாக்கினார். தூய ஆவியாரைப் பற்றி எழுதிய இன்னொரு கட்டுரையைத் திருத்தந்தை 6ஆம் பத்திநாதருக்குக் காணிக்கையாக்க, திருத்தந்தை அவரைப் பெந்தக்கோஸ்து நாளில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மறையுரை ஆற்ற அழைத்ததாக வரலாறு சொல்கிறது. கண்டோலிம் பையன் ஒருவன் மைக்கேல் ஆஞ்சலோ வரைந்த கூரையின்கீழ் நின்று திருத்தந்தைக்கு முன் பேசுகிறான்!

இதன்பின் நடந்ததாகக் கோவாவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிதான் அவர் வாழ்க்கையின் திறவுகோல். லிஸ்பன் திரும்பியதும் அரசி தம் அரண்மனைச் சிற்றாலயத்தில் மறையுரை ஆற்ற அழைத்தார். இளம் குரு மேடை ஏறினார். எதிரே அரசி, பிரபுக்கள், பட்டு, வைரம். நா உலர்ந்துவிட்டது. ஒரு சொல்லும் வரவில்லை. மேடைக்குக் கீழே தந்தை உட்கார்ந்திருந்தார். அவர் மெல்லக் கொங்கணியில், அங்கிருந்த வேறு யாருக்கும் புரியாத அவர்கள் வீட்டு மொழியில், ஒரே ஒரு வரி சொன்னார். இவர்கள் எல்லாம் வெறும் காய்கறிகள், நறுக்கித் தள்ளு என்பதுதான் அதன் பொருள். அவ்வளவுதான். மகனின் பயம் போய்விட்டது. மறையுரை ஆறாக ஓடியது.

என் முதல் மறையுரை நினைவுக்கு வருகிறது. எனக்கு முன்னால் அரசி இல்லை. வலை காய வைத்துவிட்டு வந்த நம் மக்கள்தான் இருந்தார்கள். ஆனாலும் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். முன்வரிசையில் இருந்த வயதான உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சரியாகத்தான் போகிறது என்பது போல. நான் தொடர்ந்தேன். மேடை ஏறிய எல்லோருக்கும் இப்படி ஒரு தலையாட்டல் வாய்த்திருக்கும். நாம் நன்றி சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். ஃபாரியா மறக்கவில்லை. சில நொடிகளுக்கு முன் கல்லாக நின்றவன், ஒரு சொல்லுக்குப் பின் எப்படிப் பேசினான்? தந்தை கையிலிருந்து ஏதாவது பாய்ந்ததா? இல்லை. மாறியது எல்லாம் மகனுக்குள்தான். இந்தக் கேள்வியைக் கடைசி வரை அவர் சுமந்தார் என்கிறார்கள்.

அந்த நாள்களில் கோவா குருக்களுக்கு வேறொரு வேதனை இருந்தது. இது நம் மண்ணையும் தொடுகிறது. எவ்வளவு படித்தாலும் உள்நாட்டுக் குருக்களுக்கு உயர்ந்த பொறுப்புகள் எட்டாக்கனியாகவே இருந்தன. கயத்தானோ பிரான்சிஸ்கோ கூத்தோ, ஜோசே அந்தோனியோ கொன்சால்வஸ் என்ற இரு கோவா குருக்கள் லிஸ்பன் அரசவைக்குப் போய், காலியாக இருந்த ஆயர் பதவிகளுக்குத் தங்களைக் கருத வேண்டும் என்று கேட்டார்கள். அப்பதவிகளில் ஒன்று கொடுங்கல்லூர், மற்றொன்று மயிலாப்பூர். ஆம், 1606இல் தொடங்கிய நம் மயிலாப்பூர் மறைமாவட்டம்தான். 2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்து வந்தது சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்துதானே. அவர்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது. கசப்போடு ஊர் திரும்பினார்கள். 1787இல் கோவாவில் போர்த்துக்கீசிய ஆட்சிக்கு எதிராக ஒரு கிளர்ச்சி திட்டமிடப்பட்டு, தொடங்குமுன்பே வெளியே தெரிந்துவிட்டது. கண்டோலிம் பிந்தோ குடும்பத்தின் பெயரால் அது பிந்தோக்கள் சதி எனப்படுகிறது. குருக்கள் உட்பட 47 பேர் கைதானார்கள். பலருக்குக் கொடிய மரண தண்டனை கிடைத்தது. குருக்கள் லிஸ்பனுக்குக் கப்பலேற்றப்பட்டு, விசாரணையே இன்றி ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். ஃபாரியாவின் தந்தையும் மகனும் இதன் பின்னணியில் இருந்ததாகச் சந்தேகம் எழுந்தது. 1788இல் மகன் பிரான்சுக்குப் போய்விட்டார். பிறகு தாய்மண்ணைப் பார்க்கவே இல்லை.

அவர் பாரிஸில் இறங்கிய அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1795 அக்டோபரில் அந்நாட்டு மன்றத்துக்கு எதிராகப் பாரிஸ் மக்கள் எழுந்தபோது ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கித் தெருவில் நின்றார் என்கிறார்கள். ஒரு குருவுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சரிதான். புனிதர் வரலாறு எழுத நான் உட்காரவில்லை.

அக்காலப் பாரிஸில் காந்த சிகிச்சை என்பது பெரிய பேச்சாக இருந்தது. அதைத் தொடங்கியவர் மெஸ்மர் என்ற மருத்துவர். எல்லா உயிர்களுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத காந்தநீர் ஒன்று ஓடுகிறது, அது தடைபட்டால் நோய், நான் அதைச் சீராக்குகிறேன் என்றார். 1778இல் பாரிஸ் வந்தார். பெரிய தொட்டியைச் சுற்றி நோயாளிகள் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். சிலர் வலிப்பு வந்தது போலத் துடிப்பார்கள். பிறகு குணமானேன் என்பார்கள். 1784இல் அரசர் ஒரு குழு அமைத்தார். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியல் அறிஞர் லவாய்சியரும் அதில் இருந்தார்கள். காந்தநீர் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனையின் விளைவு என்று அந்தக் குழு எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டு புய்செகூர் என்ற பிரபு, தம் பண்ணையில் வேலை செய்த ஓர் ஏழை இளைஞனுக்கு இந்தச் சிகிச்சை தரும்போது, அவன் துடிக்காமல் அமைதியாக உறங்கியபடியே தெளிவாகப் பேசியதைக் கண்டார். ஆனால் புய்செகூரும் காந்தநீரை விடவில்லை. குழுவோ கற்பனை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது. கற்பனைக்கு உடலை மாற்றும் வலிமை இருந்தால், அதுவே ஆராய வேண்டிய பொருள் அல்லவா? அந்தக் கேள்வியைக் கையில் எடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஃபாரியாவும் முதலில் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார். இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. சத்தோபிரியான் என்ற பெரிய கத்தோலிக்க எழுத்தாளர் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு விருந்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கூஸ்தீன் சீமாட்டியின் வீட்டில் நடந்தது. அங்கே வந்த ஃபாரியா, காந்த சக்தியால் ஒரு கூண்டுப் பறவையைக் கொல்ல முடியும் என்று பெருமை பேசினாராம். செய்து காட்டுங்கள் என்றார்கள். குருவி சாகவில்லை. இறுதியில் குருதான் தோற்று வெளியேறினார் என்று கேலியாக எழுதுகிறார் சத்தோபிரியான். செங்கல்பட்டு மேடையில் கறுப்புக் கோட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட எனக்கு, இந்தப் பகுதியைப் படித்தபோது ஃபாரியா மிகவும் நெருங்கியவராகிவிட்டார். அந்தச் சின்னப் பறவைக்கு யாரும் சிலை வைக்கவில்லை, வைக்கலாம்.

1811இல் அவர் மார்செய் நகரில் மெய்யியல் ஆசிரியரானார். அங்குள்ள மருத்துவக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பிறகு நீம் நகரிலும் கற்பித்தார். 1813இல் பாரிஸ் திரும்பி, கிளிஷி தெருவில் ஓர் இடத்தில் வியாழக்கிழமைதோறும் தம் வகுப்பைத் தொடங்கினார். கட்டணம் ஐந்து பிராங்கு. கறுத்த நிறம், உயரமான உருவம், வெளிநாட்டு உச்சரிப்போடு பிரெஞ்சு. கூட்டம் அலைமோதியது. சீமாட்டிகள் அதிகம் வந்தார்கள்.

அவர் செய்ததோ மிக எளிமையானது. மெஸ்மரின் தொட்டி இல்லை, கம்பி இல்லை, கையை உடல்மேல் ஆட்டும் சடங்கு இல்லை. வந்தவரை ஒரு வசதியான நாற்காலியில் உட்காரச் சொல்வார். கண்களை மூடி, உறக்கத்தையே நினைக்கச் சொல்வார். சிறிது நேரம் அமைதி. பிறகு உறுதியான குரலில் ஒரே சொல்லாக, உறங்கும்படி கட்டளையிடுவார். சிலர் அந்தக் கணமே ஆழ்ந்துவிடுவார்கள். ஆகாவிட்டால் இன்னும் இரண்டு மூன்று முறை. அதற்கும் ஆகாவிட்டால் தம் விரித்த கையைப் பார்க்கச் சொல்லி மெல்ல முகத்தருகே கொண்டுவருவார். அதற்கும் வராதவர்களை விட்டுவிடுவார். எழுப்புவதும் ஒரு சொல்லால்தான். உறக்கத்தில் சொன்னதை விழித்த பின்னும் ஒருவர் செய்யக்கூடும் என்பதையும் அவர் கவனித்தார்.

ஆனால் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது அவர் தந்த விளக்கம். என் கையிலிருந்து எதுவும் புறப்படவில்லை, என் கண்ணிலிருந்தும் எதுவும் புறப்படவில்லை, உறக்கத்தின் காரணம் உறங்குகிறவரிடமே இருக்கிறது என்று மீண்டும் மீண்டும் சொன்னார். மனத்தை ஒன்றில் குவிக்கும் திறமை அவரவருக்கு உண்டு; நான் அதற்கு வாய்ப்பு மட்டும் தருகிறேன். விருப்பமில்லாதவரை என்னால் உறங்க வைக்க முடியாது. இதுதான் அவர் கொள்கையின் சாரம். நினைத்துப் பாருங்கள். ஒரு சொல்லுக்கு நூறு பேர் சாயும் அறையில் நிற்கிறார். சக்தி என்னுடையது என்று சொல்லியிருந்தால் பாரிஸ் அவர் காலில் விழுந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகச் சொன்னார் என்றும் இல்லை. எளிதில் உறங்குகிறவர்களுக்கு இரத்தம் நீர்த்து இருக்கும் என்று நம்பினார், அது தவறு. உறங்குகிறவர்கள் தூரத்தில் நடப்பதையும் அறிவார்கள் என்பதை முற்றிலும் மறுக்கவில்லை, அதுவும் நிற்கவில்லை. புத்தகத்தின் முகப்பில் தம் பெயரோடு பிராமணர் என்று போட்டுக்கொண்டார். அவர் முன்னோர் பதினாறாம் நூற்றாண்டில் திருமுழுக்குப் பெற்ற சாரஸ்வதக் குடும்பத்தார். பாரிஸ்காரர்களுக்கு அந்தச் சொல்லில் ஒரு கீழைநாட்டு மாயம் தெரிந்திருக்கலாம். நம் திருச்சபையில் சாதி செய்த காயங்களைப் பங்கு பங்காகப் பார்த்துவரும் எனக்கு, திருமுழுக்கு பெற்று இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு குரு அதைச் சுமந்துகொண்டு கடல் தாண்டியது உறுத்துகிறது. நிறத்தால் ஒதுக்கப்பட்ட வலியை அறிந்தவருக்கும் இது உறுத்தவில்லை போலும்.

அவருக்கு அடி இரண்டு பக்கமும் விழுந்தது. இது பிசாசின் வேலை என்று சில குருக்கள் பேசினார்கள். காந்தநீர்க்காரர்களோ எங்கள் தொழிலைக் கெடுக்கிறான் என்று கோபப்பட்டார்கள். சக்தி நம்மிடம் இல்லை என்று ஒருவன் சொல்லிவிட்டால் மற்றவர்கள் எப்படிக் கடை நடத்துவது? இறுதியில் அவரை வீழ்த்தியது சிரிப்புதான். ஒரு நடிகர் வகுப்புக்கு வந்து, உறங்கியது போல நடித்து, எல்லோர் முன்னிலையிலும் கண்ணைத் திறந்து கேலி செய்தாராம். 1816இல் காந்தப் பைத்தியத்தைக் கிண்டலடிக்கும் நாடகம் ஒன்று பாரிஸ் அரங்கேறியது. அதில் வரும் கோமாளி யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூட்டம் கரைந்தது. வகுப்பு நின்றது. விருப்பமில்லாதவரை உறங்க வைக்க முடியாது என்று அவரே சொல்லியிருந்தார். நடிகர் செய்ததும் அதைத்தான் மெய்ப்பித்தது. சிரித்தவர்கள் அதை யோசிக்கவில்லை.

அதன்பின் ஒரு சிறு துறவற இல்லத்தில் ஆன்ம குருவாகத் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டு, எஞ்சிய நாள்களில் புத்தகம் எழுதினார். பல பாகங்களாகத் திட்டமிட்ட நூலின் முதல் பாகம் மட்டும் 1819இல் வந்தது. தெளிந்த உறக்கத்தின் காரணம் பற்றியது அது. அதைக் காந்தநீரை நம்பிய புய்செகூருக்கே காணிக்கையாக்கினார். கருத்தில் மாறுபட்டவருக்கு நன்றி சொல்லும் பண்பு நம்மிடம் அரிது. அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று பக்கவாதம் தாக்கிப் பாரிஸில் இறந்தார். அவர் கல்லறை எங்கே என்று அடையாளம் இல்லை.

இறந்த பின்னும் அவருக்கு ஒரு விபத்து நேர்ந்தது. அலெக்சாண்டர் தூமா 1844இல் எழுதத் தொடங்கிய மாண்டி கிறிஸ்டோ கோமகன் நாவலில், தீவுச் சிறையில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு முதிய குரு வருவார். அவருக்கு ஃபாரியா என்ற பெயரைத் தூமா கொடுத்துவிட்டார். நாவலில் அவர் இத்தாலியர், சிறையிலேயே சாகிறார். கோடிக்கணக்கானவர்கள் படித்தார்கள். உண்மை ஃபாரியாவின் பெயர் உலகம் முழுதும் தெரிந்தது. அவர் யார் என்பது மறைந்தது.

அவர் கருத்து மட்டும் மெல்ல வேறு வழியாக நடந்தது. அவருடைய வகுப்பில் உட்கார்ந்திருந்த நுவாசே என்ற படை அதிகாரி அதை எழுத்தில் காப்பாற்றினார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற மருத்துவர், கிரேக்க மொழியில் உறக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஹிப்னாட்டிசம் என்ற பெயரை உருவாக்கி, 1843இல் நூல் வெளியிட்டார். பிரான்சின் நான்சி நகரில் லியேபோ என்ற ஏழைகளின் மருத்துவரும் பேராசிரியர் பெர்ன்ஹைமும், எல்லாம் சொல்லின் வழியாக நோயாளியின் மனத்தில் நடப்பதே என்று நிலைநாட்டினார்கள். பெர்ன்ஹைம் ஃபாரியாவை மறக்காமல் குறிப்பிட்டார். சிக்மண்ட் பிராய்டு 1889இல் அங்கே போய்ப் பார்த்து வந்தார். நம் நாட்டிலும் 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மயக்க மருந்து இல்லாத காலத்தில், இந்த உறக்கத்தில் ஆழ்த்திப் பெரிய அறுவை சிகிச்சைகள் செய்தார். 1846இல் ஈத்தரும் அடுத்த ஆண்டு குளோரோபாமும் வந்தபின் அது தேவைப்படவில்லை.

திருச்சபை என்ன சொன்னது என்பதையும் சொல்லிவிட வேண்டும், அம்மாவின் கேள்வி அதுதானே. 1856இல் உரோமைப் புனித அலுவலகம் காந்த சிகிச்சையின் பெயரால் நடந்த குறிசொல்லுதல், ஆவிகளை அழைத்தல், ஒழுக்கக் கேடு ஆகியவற்றைக் கண்டித்து ஆயர்களுக்கு எழுதியது. அந்தக் கண்டனம் தேவையானதே. 1957இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசியபோது, வலியைக் குறைக்க மருத்துவர் தக்க காரணத்தோடும் கவனத்தோடும் ஹிப்னாட்டிசத்தைப் பயன்படுத்துவது தன்னிலேயே தவறானது அல்ல என்று விளக்கினார். அதோடு, இது பொதுநிலையினரோ குருக்களோ பொழுதுபோக்காகத் தொட்டுப் பார்க்கும் விஷயம் அல்ல என்றும் எச்சரித்தார். இரண்டாவது பகுதியைப் படித்தபோது என் காது கொஞ்சம் சுட்டது.

இன்று மருத்துவம், இது உண்மையான உறக்கம் அல்ல, ஒன்றில் கூர்ந்து குவிந்த கவனம் என்கிறது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955இலும் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958இலும் இதன் மருத்துவப் பயனை ஏற்றுக்கொண்டன. எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்காது. பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டும். மேடை வித்தைக்காரரிடம் போகக் கூடாது. இறையருளும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை; அருளடையாளத்தில் செயல்படுபவர் ஆண்டவர். ஆனால் நம் ஆண்டவர்கூட, கூட்டத்தில் தம் ஆடையைத் தொட்டுக் குணமான பெண்ணிடம் அவளுடைய நம்பிக்கையைத்தான் சுட்டிக்காட்டி அனுப்பினார் என்பதை, கைவைத்து மந்திரிக்கும்படி மக்கள் வரிசையில் நிற்கும் நாள்களில் நான் நினைத்துக்கொள்கிறேன். அந்த வரிசையின் முன் நிற்கும்போது ஒரு குருவுக்கு வரும் சோதனை என்ன என்று எனக்குத் தெரியும். கறுப்புக் கோட்டு எங்கோ உள்ளே தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஃபாரியாவை மீட்டெடுத்தவர்களில் எகாஸ் மோனிஸ் என்ற போர்த்துக்கீசிய மருத்துவர் முக்கியமானவர். 1925இல் அவரைப் பற்றி நூல் எழுதினார். 1949இல் நோபல் பரிசு பெற்றவர். பரிசு வாங்கித் தந்த மூளை அறுவை முறையை மருத்துவம் பின்னாளில் கைவிட்டுவிட்டது. ஒரு சொல்லால் மனத்தைத் தொட்ட குருவின் வரலாறு நிற்கிறது. 1945இல் கோவாவின் பணஜி நகரில், பழைய தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில், சிற்பி ராமசந்திர காமத் செய்த வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. அங்கி காற்றில் பறக்க, இரு கைகளையும் நீட்டி நிற்கிறார் ஃபாரியா. கீழே ஒரு பெண் சாய்ந்து கிடக்கிறாள். பிரமாதமான சிலை. ஆனால் பார்க்கிறவர் யாருக்கும் அந்த விரல்களிலிருந்து ஏதோ சக்தி பாய்வதாகத்தான் தோன்றும். வாழ்நாள் முழுதும் அவர் மறுத்தது அதைத்தான்.

அந்த அம்மா இரண்டாம் முறை வந்தபோது, இந்தக் கதையையெல்லாம் சொல்லிவிட்டு, கைபேசியில் அந்தச் சிலையின் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். இந்தச் சாமி பேய் ஓட்டுகிறாரா என்று கேட்டார்கள். இல்லையம்மா, உறங்க வைக்கிறார் என்றேன். பிறகு, அவர்கூட இல்லை, அந்தப் பெண்தான் உறங்குகிறாள் என்று திருத்தினேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகன் தூங்கி நாலு மாதம் ஆகிறது என்றார்கள். பிறகு, செவ்வாய்க்கிழமை அந்த டாக்டர் வரச் சொன்ன நாள், நீங்களும் கூட வருவீர்களா சாமி என்று கேட்டார்கள். போனேன். வெளியே பெஞ்சில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். செபமாலையை அவர்கள்தான் தொடங்கினார்கள்.